ஆந்தையைப் படம் எடுக்கப் போறீங்களா? சீர்காழி பக்கம் எங்கே தேடலாம், எதைச் செய்யக்கூடாது?

ஆந்தையைப் பார்க்க அடர்ந்த காட்டுக்குள் போக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரிய காடு இல்லாத சீர்காழி போன்ற டெல்டா பகுதியிலும் ஆந்தைகள் வாழ்கின்றன. வயலில் எலி இருக்கிறது, தங்குவதற்குப் பனை மரமும் பழைய கட்டடமும் இருக்கின்றன. அதற்கு அது போதும். செல்போனும் கேமராவும் எல்லார் கையிலும் இருக்கும் இந்தக் காலத்தில், ஒரு படத்துக்காக அந்தப் பறவை கூட்டையே கைவிடும் நிலை வரக்கூடாது.

டெல்டாவில் என்னென்ன ஆந்தைகள்?

எளிதில் கண்ணில் படுவது புள்ளி ஆந்தை. மைனாவைவிடச் சற்றே பருமனாக, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். பகலிலேயே மரப்பொந்து வாசலில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

அடுத்தது கூகை. இதய வடிவ வெள்ளை முகம், கருமையான கண்கள். கோயில் கோபுரம், பாழடைந்த வீடு, பழைய நெல் கிடங்கு போன்ற இடங்களில் தங்கும். இதன் கரகரத்த அலறலைக் கேட்டுத்தான் 'சாக்குருவி கத்தினா சாவு விழும்' என்று சொல்லி விரட்டுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

விவசாயிக்கு என்ன லாபம்?

கூகையின் முக்கிய உணவே எலி. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இறகு ஓரத்தில் உள்ள சீப்பு போன்ற அமைப்பால் பறக்கும் சத்தமும் கேட்காது.

எலியைப் பிடிக்க கிட்டி வைப்பது டெல்டாவில் பழைய வழக்கம். அதே வேலையைக் கூகை இரவெல்லாம் செலவில்லாமல் செய்கிறது. அது உட்கார வசதியாக வயலில் டி வடிவக் கம்பு நடச் சொல்லி வேளாண் துறையினரும் பரிந்துரைக்கிறார்கள். இஸ்ரேலில் 1983 முதல் வயல்களில் கூகைக்கென்றே கூடுப் பெட்டி வைக்கிறார்கள். ஆனால் எலிக்கு வைக்கும் சில விஷ மருந்துகள், அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் கொன்றுவிடும்.

எப்படித் தேடுவது?

இடம் சரியாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு நல்ல உதாரணம், இந்தியாவில் மட்டுமே வாழும் காட்டுச் சிற்றாந்தை. 1884-க்குப் பிறகு அதற்கு நம்பகமான பதிவே இல்லை. 1914-ல் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மாதிரி, பழைய மாதிரியைத் திருடிப் பொய்த் தகவல் எழுதி ஒட்டியது என்பதை அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முசென் கண்டுபிடித்தார். அந்தப் பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகள் இருந்த பகுதிகளில் அவரது குழு தேடியது. 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே, பட்டப்பகலில் அந்த ஆந்தை கிடைத்தது. படமும் எடுக்கப்பட்டது.

டெல்டாவில் தேடுபவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். மரத்தடியிலோ சுவரடியிலோ வெள்ளை எச்சமும், எலி முடியும் எலும்பும் கலந்த உருண்டைகளும் கிடந்தால், மேலே ஆந்தை தங்குகிறது என்று அர்த்தம். செரிக்காததை ஆந்தை இப்படி உருண்டையாகக் கக்கிவிடும். மாலை மங்கும் நேரத்தில் தள்ளி நின்று காத்திருந்தால், அது தானாக வெளியே வரும்.

எதைச் செய்யக்கூடாது?

* ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூச வைக்கும். ட்ரைபாட் வைத்து, ஐஎஸ்ஓ அளவைக் கூட்டி, அந்தி வெளிச்சத்தில் எடுக்கலாம்.

* செல்போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது. வேறொரு ஆந்தை தன் இடத்துக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிடும்.

* கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கூகை அடைகாக்க சுமார் ஒரு மாதமும், குஞ்சு பறக்க சுமார் இரண்டு மாதமும் ஆகும். ஆபத்து மனிதருக்கும் உண்டு. பிரிட்டன் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-ல் ஆந்தைக் கூட்டருகே இரவில் சென்றபோது தாக்கப்பட்டு ஒரு கண்ணை இழந்தார்.

* கூடு இருக்கும் இடத்தை சமூக வலைதளத்தில் போடக் கூடாது. படத்தில் லொகேஷனையும் அணைத்துவிட வேண்டும். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடிக்கப்படுவதாக, வனஉயிர் வர்த்தகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு எச்சரித்து வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் ஆந்தைகளைப் பிடிப்பதும், கொல்வதும், விற்பதும் குற்றம். பொது இடத்தில் தள்ளி நின்று படம் எடுக்கலாம். ஆனால் கோடியக்கரை போன்ற சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி தேவை. கோபுரமோ தனியார் தோப்போ என்றால், உரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போவதே முறை.

ஆந்தைக் குஞ்சு தரையில் கிடந்தால் உடனே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடக் கூடாது. பறக்கப் பழகும் குஞ்சுக்குத் தாய்ப் பறவை அங்கேயே வந்து இரை கொடுக்கும். நாய், பூனை அண்டாதபடி அருகில் உள்ள உயரமான கிளையில் வைத்துவிட்டு விலகலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.