ஹவாய் அன்னாசிக் கம்பெனியின் வரலாறு

கடைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் அன்னாசி டின்னை நம்மில் அறியாதார் இலர். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இளம் ரப்பர் மரங்களுக்கிடையே அன்னாசி பயிரிட்டு, டின்னில் அடைத்துக் கப்பலேற்றிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் மலாயாச் சரக்கிற்கு உலகச் சந்தையில் பெரும் போட்டியாக நின்றது ஹவாய்த் தீவுகளின் சரக்கே. அதனை உலகறியச் செய்த கம்பெனியின் கதை, தோட்டத்தில் உழைத்த மக்களாகிய நாம் ஊன்றிப் படிக்கத்தக்கதாகும்.

ஹவாய் முன்பு தனி அரசாயிருந்தது. 1893இல் லிலியுகலானி அரசியார் அரியணையினின்று நீக்கப்பட்டார். அதற்குப்பின் அமைந்த குடியரசின் தலைவராக வந்தவர் சான்ஃபோர்ட் டோல். 1898இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அத்தலைவரின் உறவினரான ஜேம்ஸ் டோல், ஹார்வர்டில் பட்டம் பெற்ற 22 வயது இளைஞராக ஹானலூலுவில் வந்திறங்கினார். வஹியவா என்னுமிடத்தில் அறுபது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் பெற்று, 1901 டிசம்பரில் ஹவாய் அன்னாசிக் கம்பெனியை நிறுவினார். 1903இல் முதன்முதலாக அடைத்தனுப்பியது 1,893 பெட்டிகளே.

பறித்த பழம் விரைவில் அழுகும். அமெரிக்கக் கரையோ பல நாட் பயணத் தொலைவு. ஆகவே தோட்டத்தைவிட டின்னடைக்கும் சாலையே இத்தொழிலுக்கு உயிர்நாடியாயிற்று. 1907இல் ஹானலூலு துறைமுகத்தை அடுத்த இவிலேயில் பெரிய சாலை எழுந்தது. ஆயினும் கத்தியால் தோல் சீவும் வேலை கைவேலையாகவே இருந்தது. இதற்கொரு வழி காண ஹென்றி ஜினாக்கா என்னும் பொறியியலாளர் அமர்த்தப்பட்டார். 1911இல் அவர் ஆக்கிய இயந்திரம் பழத்தின் தோலை நீக்கி, இரு முனைகளையும் வெட்டி, நடுத்தண்டையும் துளைத்தெடுத்தது. நிமிஷத்திற்கு 35 பழங்கள் அதினின்று வெளிவந்தன. எஞ்சிய கண்களைச் சீவியும் துண்டுகளை டின்னில் அடுக்கியும் வரிசை வரிசையாய் நின்றவர்கள் பெண்களே.

1922இல் கம்பெனி லானாய் என்னும் தீவினையே, ஏறக்குறைய முழுவதும், 11 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. வீதியும் துறைமுகமும் ஊரும் கம்பெனியின் சொத்து. வீட்டுக்காரரும் அதுவே, வேலை தருவோரும் அதுவே. பெரட்டில் நின்று வளர்ந்த நமக்கு அவ்வாழ்வை விளக்கவேண்டுவதில்லை. நம் கங்காணிக்கு ஒப்பானவரை அங்கே ‘லூனா’ என்றனர். ஜப்பானியரும், பின்னர்ப் பெருந்தொகையாகப் பிலிப்பினோக்களும் அங்குக் குனிந்து பழம் பறித்தனர்.

1930க்குப் பின் உலகெங்கும் வியாபாரம் வீழ்ந்தது. விற்காத டின்கள் குவிந்தன. 1932இல் காஸில் அண்ட் குக் என்னும் பெருநிறுவனத்தின் பிடி இறுக, நிறுவியவரே நிர்வாகத்தினின்று ஒதுக்கப்பட்டார். அவர் ஒதுங்கிய பின்னரே அவருடைய பெயர் டின்களின்மீது பொறிக்கப்பட்டது! மூலதனத்திற்கு மனிதர் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நாம் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருவோம். ஹவாய்த் தோட்டங்களில் தொழிலாளரை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் குடியிருப்புகளில் வைப்பது முதலாளிகளின் வழக்கம். ஓர் இனத்தார் வேலை நிறுத்தினால் மற்றோர் இனத்தாரைக் கொண்டு அதை முறிப்பர். இந்தப் பிரிவினையை வென்று எல்லா இனத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தனர். 1947இல் அன்னாசித் தொழிலில் அவர்கள் நடத்திய போராட்டம் சில நாட்களிலேயே தோற்றது. ஆயினும் அவர்கள் சோரவில்லை. 1951 பிப்ரவரியில் லானாய்த் தொழிலாளர் வேலை நிறுத்தினர். பழங்கள் வயலிலேயே அழுகின. மீன் பிடித்தும் வேட்டையாடியும் பங்கிட்டு உண்டனர். 201 நாட்கள் தளராது நின்று, மணிக்கு 15 சென்ட் கூலி உயர்வு பெற்றனர்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் மகிழ்ந்திருப்போம். கூலி உயர்ந்த இடத்தில் முதல் தங்குவதில்லை. 1960களில் கம்பெனி பிலிப்பைன்ஸில் பெருந்தோட்டம் தொடங்கிற்று. பின்னர்த் தாய்லாந்துக்கும் சென்றது. எந்த நாட்டாரைக் கப்பலேற்றி ஹவாய்க்குக் கொணர்ந்தனரோ, அந்த நாட்டிற்கே குறைந்த கூலியைத் தேடித் தொழில் போயிற்று. இவிலேச் சாலை மூடப்பட்டது. 1992இல் லானாயில் கடைசி அறுவடை நடந்தது.

லானாய் மக்கள் தோற்றார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் பெற்ற உயர்வு நாற்பதாண்டுக் காலம் அவர்தம் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் ஆயிற்று. ஆனால் முதல் கடல் தாண்டும்போது சங்கம் கரையிலேயே நின்றுவிட்டது. இனவேற்றுமையை வென்ற அவர்களால் கடலை வெல்ல இயலவில்லை. இனி அன்னாசி டின்னைக் கையில் எடுக்கும் நம் தோழர்கள் அதன் விலையை மட்டும் பாராது, அதனுள் அடைபட்ட உழைப்பு எந்நாட்டாருடையது, அவர் பெற்ற கூலி என்ன என்றும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.