குழந்தைக்கு ஆட்டிசமா? எப்போது, எங்கே பரிசோதிக்கணும்? - முழு விவரம்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." பல வீடுகளில் ஒரு வருடத்தையே விழுங்கிவிடுவது இந்த ஆறுதல் வார்த்தைதான்.

எதைக் கவனிக்கணும்?
ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுவிட்டன. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?
தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ‘டிஇஐசி’ எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை சேவை இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் ‘நிப்மெட்’ தேசிய நிறுவனமும் உள்ளது.

என்ன செய்வார்கள்?
முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஆட்டிசத்தை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவுக்கு வருவார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விகள் உண்டு. அது சந்தேகத்தை மட்டுமே காட்டும், முடிவு அல்ல.

சீக்கிரம் முடிய என்ன வழி?
வீட்டில் குழந்தை விளையாடுவதை, சாப்பிடுவதை செல்போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது, பேசியது என்று எழுதி வையுங்கள். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

தேதி தள்ளிப்போனால்?
பேச்சுப் பயிற்சி தொடங்க ஆட்டிசம் என்ற முடிவு வரணும்னு அவசியமில்லை. பேச்சு தாமதம் என்பதே போதும். பரிசோதனைக்குக் காத்திருக்கலாம், பயிற்சி காத்திருக்கக் கூடாது.