புகையை விட்ட டாக்டர்கள்

"இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" சிகரெட்டை நிறுத்தச் சொன்னால் பலரும் சொல்லும் பதில் இது. இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஐம்பது வருடம் பொறுமையாகக் கணக்கெடுத்து விடை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அங்கே நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்தன. கார் புகையா, சாலையில் போடும் தாரா என்று சந்தேகம். ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அவரும் புள்ளியியல் நிபுணர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை விசாரித்தார்கள். 1950-இல் முடிவு வெளியானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் வெறும் 2 பேர்! புற்றுநோய் இல்லாத அதே எண்ணிக்கை நோயாளிகளில் 27 பேர். புகைத்துக்கொண்டிருந்த டால், ஆய்வு நடக்கும்போதே அதை விட்டுவிட்டார்.

ஆனாலும் பலர் நம்பவில்லை. எனவே 1951-இல் இருவரும் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, புகைக்கும் பழக்கம் பற்றிக் கேட்டார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அதன்பின் யார் புகைத்தார், யார் விட்டார், யார் எதனால் இறந்தார் என்று வருடக்கணக்கில் பதிவு செய்தார்கள். இதில் ஒரு நல்லது நடந்தது. முடிவுகளைப் படித்த டாக்டர்கள் பலர் சிகரெட்டை விட்டார்கள். அதனால் விட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க முடிந்தது.

50 வருடக் கணக்கு 2004-இல் வெளியானது. கடைசிவரை புகைத்தவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-இல் விட்டால் 6, 40-இல் விட்டால் 9, 30-இல் விட்டால் ஏறக்குறைய 10 வருடமும்!

இது எப்படி? விட்ட சில நாட்களிலேயே இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஒழுங்காகப் போகிறது. மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மெல்ல மீண்டும் வேலை செய்கின்றன. சில மாதங்களில் இருமலும் இளைப்பும் குறைகின்றன. ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து வெகுவாக இறங்குகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாக 10 வருடம் போல ஆகும். ஆனால் ஏற்கெனவே சிதைந்துபோன நுரையீரல் காற்றறைகள் திரும்ப முளைப்பதில்லை. அந்த நஷ்டம் நஷ்டம்தான். அதனால்தான் சீக்கிரம் விட்டவருக்கு லாபம் அதிகம்.

37 வயதில் புகையை விட்ட டால், 2005-இல் தன் 92-ஆவது வயதில் காலமானார். ஒருவருடைய ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லியிருக்கக்கூடியவர்தான் அவர். ஆனால் ஆயிரக்கணக்கான டாக்டர்களின் கணக்கு இருக்கிறதே! இருபது வயதில் புகைப்பவருக்கு அந்த 10 வருடத்தையும் காப்பாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. அறுபதில் இருக்கும் அப்பாவுக்கும் 3 வருடம் காத்திருக்கிறது.