கவலையில இருந்து மிஸ்டு கால் வரை

எங்க அப்பாரு காலத்துல கிணத்துத் தண்ணி கவலை ஏத்தத்துலதான் வந்துச்சு. ஒரு சோடி மாடு, வடக்கயிறு, தோல் வால் வச்ச சால். 1932-ல பைக்காரா மின்சாரம் ஆரம்பிச்ச பிறகு கோயமுத்தூர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா மோட்டார் வந்துச்சு. 1990-ல விவசாயிங்க எல்லாருக்கும் கரண்டு இலவசம்னு ஆச்சு. நாங்களும் மாட்டை வித்தோம். கிணறு வத்த வத்த போர் போட்டோம்.

மும்முனைக் கரண்டு ராத்திரியில வந்தா, பாம்புக்குப் பயந்துட்டே டார்ச்சோட போவோம். இப்ப மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓடுதுங்க. நல்லதுதான், குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா கவலையில தண்ணி கொறஞ்சா சால் பாதிதான் வரும், மாடு லேசா நடக்கும். அதைப் பாத்தே அப்பாரு நிறுத்திடுவாரு, ஊறட்டும்னு. போன கோடையில நான் படுத்துக்கிட்டே போன்ல போட்டேன்; தண்ணியில்லாம ஓடி காயில் கருகிடுச்சு. இப்ப போன்ல போட்டாலும், வாய்க்கா வரை நடந்து பாத்துட்டுத்தான் வர்றேங்க.