வீட்டுச் சூரிய மின்சேமிப்புக் கலம்

வீட்டுச் சூரிய மின்சேமிப்புக் கலம் என்பது, கூரையில் உள்ள சூரியத் தகடுகள் பகலில் ஆக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்து, இரவிலும் மின்வெட்டின்போதும் வீட்டுக்கு வழங்கும் மீள்மின்னேற்றக் கலங்களின் தொகுதி ஆகும். கடைகளில் இது சோலார் பேட்டரி என்று அழைக்கப்படுகிறது. நீண்ட காலம் ஈய-அமிலக் கலங்களே இதற்குப் பயன்பட்டன. அண்மைக் காலத்தில் இலித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. இக்கட்டுரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளை அடுத்துள்ள மணிமங்கலம் போன்ற தமிழ்நாட்டு ஊர்களின் நிலையைக் கருத்தில் கொண்டு, இக்கலங்களின் அமைப்பையும் தேர்வு முறையையும் விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, பிற மாவட்டங்கள் பலவற்றில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டியது. இன்வெர்ட்டரும் ஈய-அமிலக் கலமும் நடுத்தர வீடுகளில் பரவலானதற்கு இக்காலம் ஒரு முக்கியக் காரணம். அதே 2012இல் தமிழ்நாடு அரசு தனது சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது.

பற்றாக்குறை பின்னர் குறைந்தாலும் மின்தடை முற்றிலும் நீங்கவில்லை. கோடைகாலச் சுமையால் மின்மாற்றி பழுதடைதல், பராமரிப்புக்கான மின்நிறுத்தம், புயல் ஆகியன இன்றைய காரணங்களாகும். வர்தா (2016), கசா (2018), மிக்சாம் (2023) ஆகிய புயல்களின்போது பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன.

வேதியியலும் அமைப்பும்

இலித்தியம் அயனிக் கலம் 1991இல் சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. இரும்பு பாஸ்பேட்டை நேர்மின்முனையாகக் கொண்ட வகையை, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அக்சய பாதி, நஞ்சுண்டசாமி, சான் குட்இனஃப் ஆகியோர் அடங்கிய குழு 1997இல் வெளியிட்டது. குட்இனஃப் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வகையில் ஒரு கலத்தின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட்டும், பதினாறை இணைத்தால் 51.2 வோல்ட்டும் கிடைக்கும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மேலாண்மைச் சுற்று ஒன்று பெட்டிக்குள் இருக்கும். வணிகர்கள் இதனை பி.எம்.எஸ். என்பர். இச்சுற்று இல்லாத இலித்தியம் தொகுதியை வீட்டில் பயன்படுத்தக் கூடாது.

கொள்ளளவு

கலத்தின் மேல் அச்சிடப்படும் ஆம்பியர் மணி என்னும் எண்ணை மட்டும் கொண்டு இரு வகைக் கலங்களை ஒப்பிட இயலாது. மின்னழுத்தத்தால் அதைப் பெருக்கிக் கிடைக்கும் வாட் மணியையும், அதில் எவ்வளவு பகுதியைக் கலத்துக்குத் தீங்கின்றி எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

* ஈய-அமிலம்: 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி = 1800 வாட் மணி. நீண்ட ஆயுளுக்கு இதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே எடுக்கப்படுவதால், பயன்படுவது சுமார் 900 வாட் மணி.
* இலித்தியம் இரும்பு பாஸ்பேட்: 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி = 1280 வாட் மணி. இதில் 80 விழுக்காடு எடுத்தாலும் பயன்படுவது சுமார் 1020 வாட் மணி.

அதாவது, எண்ணில் சிறியதான இலித்தியம் கலமே இங்கு கூடுதல் ஆற்றலைத் தருகிறது. மேலும், வீட்டு ஈய-அமிலக் கலத்தின் எண் வழக்கமாக 20 மணி நேர மெதுவான மின்னிறக்கத்தில் அளக்கப்படுவது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் காலி செய்தால் அந்த அளவும் கிடைக்காது.

தேவையைக் கணித்தல்

எடுத்துக்காட்டாக, நான்கு மணி நேர மின்வெட்டில் ஒரு வீட்டில் பின்வருவன இயங்குவதாகக் கொள்வோம்.

* 75 வாட் மின்விசிறி இரண்டு: 150 வாட்
* 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு: 36 வாட்
* தொலைக்காட்சி: 60 வாட்
* இணையத் திசைவி: 10 வாட்

மொத்தம் 256 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1024 வாட் மணி. இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு, கலத்தில் எடுக்கக்கூடிய அளவு 80 விழுக்காடு எனக் கொண்டு இரண்டாலும் வகுத்தால், ஏறத்தாழ 1500 வாட் மணிக் கலம் தேவை. மின்விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் தேவை ஏறத்தாழ 980 வாட் மணியாகக் குறைகிறது. மேற்கண்ட 100 ஆம்பியர் மணிக் கலமே போதும். எனவே கலத்தை வாங்குமுன் மின்விசிறியை மாற்றுவது பெரும்பாலும் சிக்கனமானது.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் மின்சாரம் தரும். இச்சிறு கலத்தை நிரப்ப 400 வாட் அளவிலான தகடு போதுமானது. மழைக்காலத்தில் ஆக்கம் இதைவிடக் குறையும்.

இன்வெர்ட்டர் வகைகள்

சூரியத் தகடும் கலமும் நேர்திசை மின்சாரம் தருபவை. அதனை வீட்டுக் கருவிகளுக்கான மாறுதிசை மின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர்.

* வலையிணைப்பு வகை: கலம் இல்லை. மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும். பழுது பார்க்கும் ஊழியரை வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரம் தாக்காதிருக்க இந்த ஏற்பாடு.
* தனித்தியங்கும் வகை: கலத்துடன் இயங்கும், மின்வலைக்கு மின்சாரம் அனுப்பாது.
* கலப்பு வகை: இரு பணிகளையும் செய்யும், விலை கூடுதல்.

முதல் வகையின் இவ்வியல்பை அறியாமல், கூரையில் தகடு இருந்தால் மின்வெட்டே இராது என எண்ணுவோர் பலர். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம் வலையிணைப்பு அமைப்புகளுக்கானது. அதில் 3 கிலோவாட்டுக்கு அறிவிக்கப்பட்ட 78,000 ரூபாய் மானியம் தகட்டின் திறனைக் கொண்டு கணக்கிடப்படுவது. கலத்துக்குத் தனித் தொகை இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பழைய இன்வெர்ட்டரில் இலித்தியத்துக்கான மின்னேற்ற அமைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். நான்கு கலத் தொகுதிக்கு 14.6 வோல்ட்டே உச்ச எல்லை. ஈய-அமிலக் கலத்துக்கான சமப்படுத்தும் மின்னேற்றம் இதற்கு ஆகாது.
* மேலாண்மைச் சுற்றின் உச்ச மின்னோட்டத்தைக் கேட்டறிய வேண்டும். 50 ஆம்பியர் எனில் கலத்திலிருந்து ஏறத்தாழ 640 வாட்டுக்கு மேல் எடுக்க இயலாது. ஒரு குதிரைத்திறன் நீரேற்றி ஓடும்போதே 746 வாட்டுக்கு மேல் கேட்கும். தொடங்கும்போது அதைப்போல் பல மடங்கு கேட்கும்.
* ஐ.இ.சி. 62619 பாதுகாப்புச் சான்று, கலத்தின் ஆக்க நாள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை சுழற்சி, முடிவில் எஞ்சும் கொள்ளளவு எவ்வளவு என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது

3000 சுழற்சி தாங்கும் கலத்தை நாள்தோறும் பயன்படுத்தினால் எட்டு ஆண்டுகள் வரும். வாரம் இருமுறை எனில் கணக்குப்படி 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் பயன்படுத்தாவிடினும் கலம் மூப்படைவதால் அவ்வளவு காலம் வராது. ஆகவே நாள்தோறும் மின்வெட்டு உள்ள வீட்டுக்கும், இரவுத் தேவையைச் சூரிய ஆற்றலால் நிறைவு செய்யும் வீட்டுக்கும் இலித்தியம் ஏற்றது. எப்போதாவது மின்தடை ஏற்படும் வீட்டுக்கு, விலை குறைந்த ஈய-அமிலக் கலமே போதுமானதாக இருக்கலாம்.

தொழிற்பகுதிகளில் பணி நிமித்தம் வாடகைக்குக் குடியிருப்போருக்குக் கூரையில் உரிமை இராது. மின்தடை குறுகியதாக இருந்தால், தகடு இன்றி மின்வாரிய மின்சாரத்திலேயே கலத்தை நிரப்பிக்கொள்ளலாம். எடை குறைந்த இலித்தியம் தொகுதியை வீடு மாறும்போது எடுத்துச் செல்வதும் எளிது.

வெப்பமும் வெள்ளமும்

உயர் வெப்பநிலை கலத்தின் ஆயுளைக் குறைக்கும். தகரக் கூரையின் அடியிலும், மாடிப்படி மேலுள்ள மூடிய அறையிலும் வைப்பது நல்லதன்று. காற்றோட்டமுள்ள நிழலான இடமே ஏற்றது. இரும்பு பாஸ்பேட் வகை பிற இலித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாது. எனினும் தீப்பற்றவே பற்றாது என்று கூற இயலாது.

அடையாறு மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் தோன்றுகிறது. 2015 வெள்ளத்தில் அவ்வாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய இடங்களில் கலத்தைத் தரையில் வைக்காமல், முன்னர் நீர் ஏறிய மட்டத்துக்கு மேல் சுவரில் பொருத்த வேண்டும். நீரில் மூழ்கிய கலத்தை மீண்டும் இணைக்கக் கூடாது.

இந்தியாவில் ஆக்கம்

இந்தியாவில் விற்கப்படும் தொகுதிகளில் பெரும்பாலானவை இறக்குமதி செய்த கலங்களைக் கொண்டு இங்கு கோக்கப்பட்டவை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இலித்தியம் அயனிக் கலத் தொழில்நுட்பத்தை உள்நாட்டில் உருவாக்கி, 2018இல் அதனைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க உடன்படிக்கை செய்தது.

கழிவு

பழைய ஈய-அமிலக் கலத்தைக் கடைக்காரர் விலை கொடுத்துத் திரும்ப எடுப்பது வழக்கம். இலித்தியத்துக்கு அத்தகைய வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. 2022ஆம் ஆண்டின் கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய கலங்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஆக்குநர்மீதும் இறக்குமதியாளர்மீதும் சுமத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

* இலித்தியம் அயனி மின்கலம்
* ஈய-அமில மின்கலம்
* சூரிய ஆற்றல்
* மணிமங்கலம்