நான்கு வார விதியும் குழித்தறியும்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்கான குழுச் சிகிச்சை

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்கான சிகிச்சைகளில் மிகுதியாக ஆராயப்பட்டது, மார்ஷா லினஹன் சியாட்டிலில் உருவாக்கி 1993இல் நூலாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. அதன் குழு வகுப்பு வாரம் ஒருமுறை, சுமார் இரண்டரை மணி நேரம், ஓராண்டு வரை நடக்கும். தொடர்ந்து நான்கு வாரம் வராதவர் சிகிச்சையிலிருந்து விலகியவராகக் கருதப்படுவார். இந்த விதியில் நியாயம் உண்டு. கைவிடப்படுவோமோ என்ற அச்சத்தில் தாமே முந்திக்கொண்டு உறவை முறிப்பது இந்நோயில் அடிக்கடி காணப்படுவது. ஆனால் பட்டு நெசவு நகரமான காஞ்சிபுரத்தில் வராமைக்குத் தறியும் காரணமாகலாம்.

கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் நெய்பவர் அமர்ந்திருக்க, மறுபக்கக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ மகளோதான். அவள் எழுந்து போனால் நெய்பவர் கையும் நிற்கும். கூலியோ சேலைக் கணக்கு. முகூர்த்தக் கால நெருக்கடியில் வராமல் போனவளின் கோப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடுவது சோம்பல்.

தறி நெருக்கடிக்கு ஏற்பச் சிகிச்சைக் காலத்தைக் குறைத்தால் பலன் குறையுமா? ஷெல்லி மெக்மெய்ன் குழுவினர் கனடாவில் 240 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதச் சிகிச்சை ஓராண்டுச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததாக இல்லை. 99 பெண்களை வைத்து லினஹன் 2015இல் வெளியிட்ட ஆய்வோ, குழுப் பயிற்சி சேர்ந்த பிரிவுகளில் தற்காயம் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. எனவே ஆண்டைக் குறுக்கலாம், குழுவை விடலாகாது. முகூர்த்த நெருக்கடிக்கு வெளியே ஆறு மாதச் சுற்றாக அதை நடத்தினால், நான்கு வார விதியையும் மாற்றத் தேவையில்லை.

இதைவிடச் சிக்கலானது இரகசியம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மருத்துவப் பணியாளரின் வாயைக் கட்டுகிறது. பக்கத்து நாற்காலிக்காரரின் வாயைக் கட்டுவதில்லை. காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் அந்த நாற்காலிக்காரர் ஒன்றுவிட்ட அத்தையாகவே இருக்கக்கூடும். இதே கோளாறுக்கு லண்டனில் பேட்மனும் ஃபோனகியும் வளர்த்த இன்னொரு சிகிச்சை முறையில், உறுப்பினர்களுக்கிடையே அப்போதைக்கப்போது எழும் உணர்ச்சிகளே குழுவின் பாடம். அது வலுவான முறைதான். ஆயினும் அறிமுகமற்றோர் கூடும் பெருநகரத்துக்கே அது பொருந்தும் என்பது என் கருத்து. இங்கே குழு வகுப்பாகவே இருக்கட்டும்: பொங்கிவரும் கோபத்தை இனங்காண்பது, தன்னைக் காயப்படுத்தும் உந்துதலைக் கடப்பது, வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் பழகுவது. சொந்தக் கதை தனி அமர்வுக்குப் போகட்டும். கதையில்லாக் குழு வறண்டுபோகாதா என்றால், ஓரளவு போகும்தான். ஆனால் தெருவுக்குக் கசிந்த கதையைத் திரும்ப அள்ள முடியாது.

குடும்பத்தை என்ன செய்வது? 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். தறியின் இருபுறமும் நாள் முழுதும் இருக்கும் இருவருக்குள் வெடிக்கும் சண்டையை, ஒருத்திக்கு மட்டும் பயிற்சி கொடுத்துத் தணிக்க முடியாது. ஆகவே வீட்டாருக்கும் வகுப்பு வேண்டும். ஆனால் வேறு நாளில், வேறு அறையில். யாரை அழைப்பது என்பதை அவளே சொல்லட்டும். அவளைக் கேட்காமல் மாமியாரை வரவழைத்த மருத்துவர், மறுவாரம் அவளையே காணமாட்டார்.