கணக்குப் பிறழாது காத்தோர்



நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கையிலே புழங்குங் காசும் நாணயம். மனிதனிடத்தே நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் நாணயம். காசின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனை அச்சிட்ட மன்னரையே எழுதினர். நிறைகல்லைச் சோதித்தவனையும், பொன்னை உரைத்துப் பார்த்தவனையும், கணக்கேட்டைக் காத்தவனையும் பற்றி அதிகம் எழுதினாரல்லர். ஆயினும் காசின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை அத்தகையோரின் உழைப்பினாலேயே நிலைத்தது. அவ்வகைப் பணியாளர் சிலரின் அண்மைக்கால வரலாற்றை இன்று கூறக் கருதுகின்றேன். அவர்கள் காத்தது பொன்னையன்று. கணினிச் செய்நிரல் ஒன்றினை.

2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், சதோசி நக்கமோட்டோ என்னும் பெயரில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வங்கியோ அரசோ இடையில் இல்லாமல், கணினிகள் தம்முள் ஒரு பொதுக் கணக்கேட்டைப் பேணுவதன் மூலம் பணத்தைக் கைமாற்றும் வழியை அது விளக்கிற்று. பிட்கொயின் எனப்படும் மறைகுறி நாணயம் அதுவே. 2009ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் அக் கணக்கேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. சில நாள்களுள் அதன் செய்நிரலும் வெளியிடப்பட்டது. எவரும் அதனை வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற தாராளமான உரிமத்துடன் அது வந்தது. இவ்வாறு வெளியிடப்படுவதைத் திறந்த மூலம் என்பர். அப் பெயருக்குரியவர் யாவர் என்பது இன்றுவரை உறுதியாக வெளிப்படவில்லை. 2011ஆம் ஆண்டளவில் அவர் பணியினின்றும் விலகினார். நிரல் பிறர் கைக்கு வந்தது.

இந்த நாணயத்தில் ஒருவர் பணஞ் செலுத்தும்போது கையொப்பமிடல் வேண்டும். அக் கையொப்பம் மையினால் ஆயதன்று, கணிதத்தால் ஆயது. 1985இல் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் என்னும் இரு கணித அறிஞர், நீள்வளைய வளையிகள் எனப்படும் சமன்பாடுகளை மறைகுறிக் கலைக்குப் பயன்படுத்தலாம் என ஒருவரையொருவர் சாராது கண்டனர். பிட்கொயின் தெரிந்தெடுத்த வளையியின் பெயர் செக்ப் 256 கே 1 என்பது. ஓர் எண்ணின் வர்க்கம், இன்னோர் எண்ணின் கனத்துடன் 7ஐக் கூட்டியதற்குச் சமன் என்பதே அதன் சமன்பாடு. இதனை உயர்வகுப்பு மாணவனும் எழுதிவிடுவான். ஆனால் இங்கு கையாளப்படும் எண்கள் எழுபத்தெட்டு இலக்கம் வரை நீளுவன. ஒருவர் தம் இரகசியத் திறப்பினால் ஒப்பமிடுவார். அதற்கிணையான பகிரங்கத் திறப்பினைக் கொண்டு உலகில் எவரும் அவ்வொப்பத்தைச் சரிபார்க்கலாம். இரகசியத் திறப்பு ஒருமுறை வெளிப்பட்டால் பணம் போயிற்று. முறையிடுதற்கு வங்கி முகாமையாளர் எவரும் இலர்.

இத்தகைய கணிதத்தை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. பலரும் எடுத்தாளத்தக்க நிரல்களை ஒரு தொகுதியாக்கி வைப்பர். கணினியாளர் அதனை லைப்ரரி என்பர். நாம் நிரலகம் எனலாம். பிட்கொயின் தொடக்கத்தில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலகத்தை நம்பியிருந்தது. 1998இல் அப்பெயர் பெற்ற அந்நிரலகம், இணையத் தொடர்புகளைப் பாதுகாப்பதற்கெனப் பேணப்பட்டது. தன் பணியிலே பெரும்பயன் நல்கியதும் ஆகும். எனினும் பிட்கொயினின் தேவை வேறுபட்டது.

இவ்வேறுபாட்டினை நாம் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோரிடையே பாடபேதம் தோன்றுவது வழக்கம். ஒரு சுவடியில் ஒரு சொல்லும், மற்றொன்றில் வேறு சொல்லும் இருப்பினும் நூல் வாழ்ந்திருக்கும். புலவர்கள் ஒப்புநோக்கி நல்ல பாடத்தைத் தெரிவர். பொதுக் கணக்கேட்டுக்கோ பாடபேதம் ஆகாது. ஒரு கையொப்பம் செல்லுமென ஒரு கணினியும், செல்லாதென மற்றொரு கணினியுஞ் சொன்னால், அக்கணமே ஏடு இரண்டாகப் பிளந்துவிடும். ஒரே பணம் ஓர் ஏட்டில் செலவழிக்கப்பட்டதாகவும், மற்றையதில் செலவழிக்கப்படாததாகவும் நிற்கும்.

இது வெறுங் கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிட்கொயின் நிரலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும், தரவுகளைச் சேமிக்கும் முறையிலிருந்த வேறுபாட்டினால் ஒரு பக்கத்தைப் பற்றி முரண்பட்டன. கணக்கேடு சில மணிநேரம் இரண்டாயிற்று. பெருங்கணினிகளை வைத்திருந்தோர் பழைய பதிப்புக்குத் திரும்ப இணங்கிய பின்னரே அது மீண்டும் ஒன்றாயிற்று.

இப் பிளவுக்குச் சில நாள்களின் முன்னர், பெல்சிய நாட்டினரான பீட்டர் வுய்லே என்பார் ஒரு புதிய நிரலகத்தைத் தொடங்கியிருந்தார். லிப்செக்ப் 256 கே 1 என்பது அதன் பெயர். அந்த ஒரு வளையிக்கான கணக்கை மட்டும் எவ்வளவு விரைவாகச் செய்யலாம் எனக் காண்பதே அவரது முதல் நோக்கம். பிட்கொயினின் முதற் பயனாளருள் ஒருவரான ஹால் ஃபின்னி, அவ் வளையிக்கே உரிய ஒரு குறுக்குவழியைக் கையாண்டால் வேகம் கூடும் என 2011இல் எடுத்துக்காட்டியிருந்தார். அவ் வழி நிரலகத்தில் எழுதப்பட்டது. ஆயினும் அதன்மேல் ஒரு காப்புரிமை இருந்தமையால், பொதுவழக்கில் அதனைப் பயன்படுத்தாது ஒதுக்கிவைத்தனர். 2020ஆம் ஆண்டு செத்தெம்பரில் அக்காப்புரிமை காலாவதியான பின்னரே அது பொதுவழக்கிற்கு வந்தது. கையிலுள்ள கருவியைப் பல்லாண்டு பயன்படுத்தாது காத்திருந்த அப் பொறுமை நம் கவனத்துக்குரியது.

வேகத்திற்கெனத் தொடங்கிய பணி விரைவிலே சரிநுட்பத்திற்கான பணியாயிற்று. எழுதிய ஒவ்வொரு கணக்கையும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். தரும் விடையோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். குருட்டாம்போக்கில் எண்களைத் தெரிந்தால் அரிய பிழைகள் அகப்படமாட்டா. ஆதலின் நீண்ட வரிசையாகச் சுழியும் ஒன்றும் தொடரும் எண்களை வேண்டுமென்றே ஆக்கிக் கொடுத்தனர். அப்பொழுது விடைகள் ஓரிடத்தில் மாறுபட்டன. பிழை புதிய நிரலகத்திலன்று, பழையதிலேயே இருந்தது! ஓர் எண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கும் நிரல், மிக மிக அரிதாகப் பிழையான விடையைத் தந்தது. உலகெங்கும் பயன்பட்ட நிரலகத்தில் ஒருவர் கண்ணிலும் படாதிருந்த அப் பிழையை வுய்லே 2014 நவம்பரில் உரியோருக்கு அறிவித்தார். 2015 சனவரி 8ஆம் நாள் திருத்தம் வெளிவந்தது.

அதே நாளில் வந்த அதே பதிப்பிலே மற்றொரு மாற்றமும் இருந்தது. கையொப்பத்தை எழுதும் வடிவத்தில் சிறு தளர்வுகளை அதுகாறும் பொறுத்துவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல்., இனிப் பொறுப்பதில்லை என்றாயிற்று. பாதுகாப்பு நோக்கில் இது தக்கதே. ஆனால் பிட்கொயின் கணினிகளுட் சில புதிய பதிப்புக்கு மாறி, மற்றவை மாறாதிருப்பின் என்னாகும்? ஒன்று ஏற்பதை மற்றொன்று மறுக்கும், ஏடு பிளவுபடும். நல்லெண்ணத்தோடு பிறர் செய்த திருத்தமே கேடாய் முடியும் நிலை அது. பிட்கொயின் நிரலைப் பேணியோர் உடனே எச்சரிக்கை விடுத்துத் திருத்தப் பதிப்பையும் வெளியிட்டனர்.

கையொப்பத்திற்கு ஒரே கண்டிப்பான வடிவம் வேண்டும் என்னும் விதி அவ்வாண்டு சூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னரே வுய்லே ஒரு செய்தியைப் பகிரங்கப்படுத்தினார். சிலவகைக் கையொப்பங்களை ஓப்பன் எஸ்.எஸ்.எல். ஒருவகைக் கணினியில் ஏற்கும், மற்றொரு வகையில் மறுக்கும் என்பதை 2014ஆம் ஆண்டிலேயே அவர் கண்டிருந்தார். தீயோர் அறிந்திருந்தால் வேண்டும்போது ஏட்டைப் பிளந்திருக்கலாம். புதிய விதி அவ்வழியை அடைத்த பின்னரே அவர் வாய்திறந்தார். யாவும் வெளிப்படையாக நிகழவேண்டும் என்ற கொள்கையுடைய பணியிலே, மாதக்கணக்கில் ஓர் உண்மையை மறைத்துவைப்பது தகுமா? இவ்வினா எளிதன்று. ஆயினும் காவலன் கதவின் ஓட்டையைச் சந்தையிலே கூவி அறிவித்துவிட்டு, அதனை அடைக்கச் செல்வதில்லை. அடைத்த பின்னர் நிகழ்ந்ததை மறையாது உரைத்தலே அவன் கடன்.

2015 பெப்ரவரியில் வந்த பிட்கொயின் பதிப்பிலே ஒப்பமிடும் பணி புதிய நிரலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பத்தைச் சரிபார்க்கும் பணி அதற்கு ஓராண்டின் பின்னரே, 2016 பெப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டது. சரிபார்த்தலில் பிழை நேரின் ஏடே பிளவுறுமாதலால் இத்தாமதம் வேண்டியதாயிற்று. சிலவகைக் கணினிகளில் அப்பணி ஐந்து மடங்குக்கும் மேல் விரைவுற்றது. வேறு நாணயமான எதீரியத்தின் நிரலாளரும் இந் நிரலகத்தை எடுத்தாண்டனர்.

இவ்வளவு பரவிய பின்னும், அதற்கு முறையான வெளியீடு என ஒன்று இருக்கவில்லை. ஒன்றை வெளியீடு என அறிவித்தால், இன்ன முறையில் இது பயன்படும், இனி அம்முறையை எண்ணாது மாற்றோம் என உலகுக்கு வாக்குக் கொடுத்ததாகும். அவ்வாக்குக் கொடுக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 2022ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆம் நாள் 0.2.0 என்னும் எண்ணோடு முதல் வெளியீடு வந்தது.

வெளியிட்டவுடன் ஓய்வு கிட்டியதா? இல்லை. இரகசியத் திறப்பைக் கையாளும் கணக்கு, எத்திறப்பாயினும் ஒரே நேரத்தில் முடிதல் வேண்டும். நேரம் வேறுபடின், அதனை அளந்தே திறப்பை ஊகித்தல் கூடும். இதனைக் கருத்திற்கொண்டே நிரல் எழுதப்பட்டிருந்தது. ஆனால் மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுந் தொகுப்பான் என்பதும் ஒரு செய்நிரலே. கிளாங் என்னுந் தொகுப்பானின் புதிய பதிப்புகள், கணக்கைச் சுருக்கும் நோக்கில், அக்காப்பை நீக்கிவிடக்கூடும் எனத் தெரியவந்தது. 2023 ஏப்பிரலில் அதற்குத் திருத்தம் வெளியாயிற்று. அடுத்த மாதமே வேறொரு தொகுப்பானுக்காக இன்னொரு திருத்தம் வேண்டியதாயிற்று. நிரலில் ஒரெழுத்தும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த உலகம் மாறிற்று. நாளும் காவாத வேலி நாளடைவில் வேலியாகாது.

இக்காவலுக்குக் கூலி கொடுப்போர் யாவர்? இந் நிரலகம் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அதனைப் பேணுவோர் சிலருக்கு இத்துறைசார் நிறுவனங்கள் ஊதியம் அளித்துவந்தன, அது நற்பேறே. எல்லாப் பணிகளுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. 2014 ஏப்பிரலில் ஹார்ட்பிளீட் என்னும் பெருங்குறை ஓப்பன் எஸ்.எஸ்.எல்லிலே வெளிப்பட்டபோது, உலக வணிகமே நம்பியிருந்த அந்நிரலகத்திற்கு ஆண்டுதோறுங் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே என அறிந்து பலரும் திடுக்குற்றனர். பின்னரே பெருநிறுவனங்கள் கூடி நிதி ஒதுக்கின. ஊர்க்குளத்து நீரை யாவரும் அள்ளுவர். தூர் வாரும் நாளிலே ஆளைத் தேடவேண்டும்.

மறைகுறி நாணயத்தை வாங்குக என்றோ தவிர்க்க என்றோ கூறுதல் என் நோக்கமன்று. அதன் விலையேற்றத்தாற் செல்வரானோரும் உளர். வீழ்ச்சியாற் கைப்பொருள் இழந்தோரும் உளர். அவ்வாரவாரத்தினூடே, தம் வேலை செவ்வனே நடைபெறும்வரை எவராலும் நினைக்கப்படாத ஒருசிலர், எழுபத்தெட்டு இலக்க எண்களை இருந்து சரிபார்த்தனர். பிறர் பிழையைக் கண்டபோது எள்ளாது அறிவித்தனர். தம் நிரலிலே குறை தோன்றியபோது மறையாது திருத்தினர். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரிடத்தே வற்புறுத்துவதும் ஈதன்றோ? விடை கண்டதும் எழுந்துவிடாதே. வேறொரு வழியாற் செய்து சரிபார். நாளை மறுபடியும் பார். காசு எவ்வுருவம் எடுப்பினும், அதன் நாணயம் அத்தகைய கைகளிலேயே தங்கியிருக்கின்றது.